காலி என்று கழிக்கப்பட்ட இடம்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு என் மகள் ஹெப்சி கூப்பிடவில்லை. மற்ற வீடுகளில் இது ஒரு செய்தியாகவே இருக்காது. எங்கள் வீட்டில் அவள் அப்பா இறந்த பிறகு, இரண்டு வருடமாக, அந்த நேரத்துக்குக் கைபேசி அடிக்காத நாள் கிடையாது. ஹைதராபாத்தில் அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து விடுதிச் சாப்பாட்டு அறை வரை நடக்கும் தூரம்தான் எங்கள் பேச்சின் நீளம். "ஊர்ல என்ன விசேஷம்மா?" என்பாள். "ஒண்ணும் இல்ல. நீ சாப்ட்டியா?" என்பேன். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால் அவளும் ஒன்றும் இல்லை என்பாள். அதற்குள் சாப்பாட்டு அறை வந்துவிடும்.

அன்று அழைப்புக்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. "வேலையில ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சும்மா. கொஞ்ச நாள் பேச முடியாது. கூப்பிடாதீங்க." நான் உடனே கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விடியும் வரை அணைந்தேதான் இருந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பதற்றப்படும் பெற்றோர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என் வேலையின் ஒரு பகுதி. "பிள்ளைங்கன்னா அப்படித்தான் இருக்கும், நீங்க தைரியமா இருங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அதில் ஒரு சொல்கூட அன்று எனக்கு உதவவில்லை. விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ரயிலில் எதிரே இருந்த குடும்பம் எலுமிச்சைச் சாதம் தந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வாங்கி மடியில் வைத்தபடியே செகந்திராபாத் வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, நிலையத்தில் சாமுவேல் நின்றுகொண்டிருந்தான். என் கணவருடைய சித்தப்பா மகன். அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்காக இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டது. சாமுவேலும் லாலாகுடா பணிமனையில்தான் இருக்கிறான். பெட்டியை வாங்கிக்கொண்டவன் என் கையிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்தான்.

"எனக்காக்கும் கொண்டு வந்திய, மதினி?"

நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததும் பேச்சை மாற்றினான். "ஆட்டோக்காரன் கேக்குற காசக் கேட்டா ரயிலயே விலைக்கு வாங்கிரலாம். வாங்க, வெளிய போய்ப் பிடிப்போம்."

ரயில்வே குடியிருப்பு வீடு சிறியது. சாமுவேலின் மனைவி கிரேஸ் எனக்காக முன்னறைக் கட்டிலைக் காலிசெய்து வைத்திருந்தாள். அவர்கள் மகள் ஷைனிக்கு ஊரின் மேற்குப் பக்கம், கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் பகுதியில் வேலை. நாம் தமிழில் கேட்டால் அவள் எல்லா மொழியிலும் பதில் சொல்வாள். ஹெப்சியின் நிறுவனமும் அந்தப் பக்கம்தான் என்பதால் அவளோடே கிளம்பினேன்.

"ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்கக்கா" என்றாள் கிரேஸ்.

"நக்கோ மம்மி, லேட் ஆயிரும்" என்று ஷைனி எனக்கும் சேர்த்து மறுத்துவிட்டாள்.

மெட்ரோ ரயில் நகரத்தின் மாடிகளுக்கு நடுவே போகிறது. மனிதர்களின் துணிக்கொடிகள், தண்ணீர்த் தொட்டிகள், நாய் படுத்திருக்கும் மொட்டைமாடிகள். மேற்கே போகப் போக வீடுகள் குறைந்து பாறைகள் தெரிந்தன. எங்கள் பக்கத்துப் பாறைகள் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இங்கே யாரோ அடுக்கிவிட்டுப் பாதியில் எழுந்து போனதுபோல் ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றன. எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே போனேன். மழை பெய்கிறதா இல்லையா என்று முடிவு செய்யாத வானம்.

விடுதி வாசலில் இருந்த காவலாளி வயதானவர். ஷைனி தெலுங்கில் ஹெப்சியின் பெயரைச் சொன்னதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்துப் புன்னகையோடு சொன்னார்: "ஊரிகி வெள்ளிந்தம்மா."

மொழிபெயர்க்க ஷைனி வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குப் போயிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மாலை, தோள்பையோடு, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த ஊரிலிருந்துதான் நான் வந்திருக்கிறேன்.

காவலாளி தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஷைனி, பாவம், என் தோளைத் தட்டிக்கொண்டு, "பெரியம்மா, ரிலாக்ஸ், பெரியம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காவலாளி உள்ளே போய் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பெயர் ஸ்ரவந்தி. ஹெப்சியோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்பவள், கரீம்நகர்ப் பக்கத்துப் பெண். அவள் என்னிடம் பேசியது ஆங்கிலம். எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன்.

"எங்கிட்டயும் ஊருக்குன்னுதான் சொன்னா, ஆண்டி."

"வேற என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு மத்தியானம் கம்ப்யூட்டரப் பாத்துச் சிரிச்சா. ரொம்ப நேரம். என்ன ஜோக்குன்னு கேட்டேன். பதில் சொல்லல."

"அழலையா?"

"இல்ல ஆண்டி. சிரிப்புதான்."

அழுதிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ரவந்தியும் அதையே நினைத்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவர்களுடைய பேராசிரியர் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். அவருக்கு எழுத வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள், அவள் விட்டுப்போன வேலையைப் பார்த்து என்ன தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றாள். நாளை வாருங்கள் என்றாள்.

அன்று இரவு கிரேஸ் சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் நம் ஊர்போல இல்லை, இங்கே எல்லாம் காய்ந்த தேங்காய் என்று அவளே குறை சொல்லிக்கொண்டாள். தொட்டுக்கொள்ள கோங்கூரா பச்சடி. நம் புளிச்சக்கீரைதான், ஆனால் எண்ணெயும் மிளகாயும் போட்டுக் கண்ணில் நீர் வரும்படி அரைக்கிறார்கள். அதைச் சாக்காக வைத்துக் கொஞ்சம் அழ முடிந்தது.

"வீட்ல வேற பிரச்சின எதும் உண்டாக்கா?" என்று கிரேஸ் கேட்டாள்.

"பின்சுவர் விழுந்துட்டு. போன மழையில. அவங்க ஸ்கூட்டர் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு. குளியலறையும் போச்சு. அடுத்த வீட்லதான் குளிக்கேன்."

"பிள்ளட்ட சொன்னியளா?"

"அவளுக்கு இருக்க வேலையில இதையும் சொல்லணுமா?"

கிரேஸ் இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினாள்.

மறுநாள் சனிக்கிழமை ஷைனிக்கு விடுமுறை. தனியாகவே போய்விடுகிறேன் என்று சொல்லி மெட்ரோ ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததே என்று நிம்மதியாக இருந்தேன். பாறைகள் வரவேயில்லை. கடைசி நிலையம் என்று எல்லோரும் இறங்கியபோது வந்திருந்தது நாகோல். மேற்கே போக வேண்டியவள் கிழக்குக் கோடிக்கு வந்திருக்கிறேன். அதே ரயில் திரும்பும், உட்காருங்கள் என்று சாடை காட்டி, அப்போது ஏறிய ஒரு அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பர்தா அணிந்தவர், மடியில் ஒஸ்மானியா பிஸ்கட் பெட்டி. பிரித்து ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"கைக்கு?" என்றார். ஏன் என்று அர்த்தம். என்னிடம் பதில் சொல்ல மொழியும் இல்லை, விஷயமும் இல்லை. வாங்கிக்கொண்டேன். உப்பும் இனிப்பும் சேர்ந்த பிஸ்கட். நாலு நாளுக்குப் பிறகு ருசி தெரிந்த முதல் பொருள் அதுதான்.

ஸ்ரவந்தி விடுதி வாசலிலேயே காத்திருந்தாள். தூங்கவில்லை என்று கண்கள் சொல்லின. தங்கள் அறைக்கு அழைத்துப் போய் ஹெப்சியின் நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். மேசையில் நான் போன வருடம் கொடுத்தனுப்பிய அதிரச டப்பா. அதில் பேனாக்கள் நின்றன.

திரையில் ஒரு படம் வந்தது. உடைந்த வளையல்போல ஒரு வட்டம். ஒரு பக்கம் தடித்து, நசுங்கி, நன்றாக ஒளிர்ந்தது. மறுபக்கம் பிய்ந்து, பரவி, இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கியிருந்தது.

"இது ஒரு நட்சத்திரம் வெடிச்ச இடம், ஆண்டி. வெடிச்சுப் பல ஆயிரம் வருஷம் ஆயிடுச்சு. நட்சத்திரம் போயாச்சு. அது கிளப்பின அலைதான் இன்னும் ஓடிட்டிருக்கு."

"எதுல ஓடுது? அங்கதான் ஒண்ணும் கிடையாதே."

"இருக்கு. நட்சத்திரங்களுக்கு நடுவுல ரொம்ப மெல்லிசா வாயு இருக்கு, தூசி இருக்கு. அலை அதையெல்லாம் வாரிக் கூட்டிக்கிட்டே போகும். கூட்டக் கூட்டப் பாரம் ஏறி வேகம் குறையும். வழியில ஒரு அடர்த்தியான மேகம் இருந்தா அதுல மோதி, சூடாகி, ஒளிரும். இந்தப் பக்கம் பாருங்க. எதுவும் தடுக்காத பக்கம் பரவிப் போய் மங்கிடும். அந்தப் பக்கம் பாருங்க."

"அப்ப இந்த வடிவம் நட்சத்திரத்தோடது இல்லையா?"

"பெரும்பாலும் இல்ல. அதச் சுத்தி என்ன இருந்துச்சோ, அதோடது."

வரலாறு சொல்லிக்கொடுப்பவளுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. படை போய்விடும். அது கடந்த ஊர்களில் எது இடிந்தது, எது தப்பித்தது என்பதை வைத்துத்தான் அது வந்த வழியையே சொல்கிறோம். மூன்று வருடமாக என் மகள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் நான் "வானத்தப் பத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரவந்தி சொன்னதன் சாரம் இது. நசுங்கிய பக்கத்தில் ஒரு மேகம் தெரிகிறது. அலை உண்மையிலேயே அந்த மேகத்தில் மோதுகிறதா, அல்லது மேகம் எங்கோ வெகு தொலைவில் பின்னால் இருக்க, நம் கண்ணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு தெரிகிறதா? மோதினால் மேகத்தின் வாயு கலங்கும். கலங்கிய வாயுவிலிருந்து வரும் ரேடியோ சைகை, வரைபடத்தில் அகலமாகத் தோள் விரித்துக் காட்டும். அந்த அகலத்தை ஹெப்சி கண்டுபிடித்தாள். மோதுகிறது என்று கட்டுரை எழுதினாள். அது வெளியாகி, பாராட்டு வந்து, அதை நம்பி வேறு சிலர் தங்கள் வேலையைத் தொடங்கியும் விட்டார்கள். அவளுடைய முனைவர் பட்டமே அதன்மேல்தான் நின்றது.

"அதுல என்ன தப்பு?"

"மிட்டாய்க் கடையில எடை போடுறதப் பாத்திருப்பீங்க. முதல்ல காலி டப்பாவ வெச்சு, எடைய சைபர் ஆக்கிட்டு, அப்புறம்தான் லட்டு வைப்பாங்க."

"ஆமா."

"நாங்களும் அப்படித்தான். முதல்ல மேகத்தப் பாப்போம். அப்புறம் பக்கத்துல ஒண்ணும் இல்லாத ஒரு இடத்தப் பாப்போம். இதுல இருந்து அதக் கழிச்சா, கருவியோட இரைச்சல் போய் மேகம் மட்டும் மிஞ்சும். காலி இடத்த நாமதான் தேர்ந்தெடுக்கணும். பழைய வரைபடத்துல அங்க ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு. இவ அத நம்பி எடுத்தா. நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்."

"டப்பாவுக்குள்ள ஏற்கனவே லட்டு இருந்திருக்கு."

"இருந்திருக்கும்னு இப்பச் சந்தேகம். ரொம்பக் கொஞ்சமா. அதையும் சேர்த்துக் கழிச்சதுல வரைபடத்துல ஒரு பள்ளம் விழுந்துருச்சு. பள்ளத்தையும் சேர்த்துத் தரைமட்டம் போட்டா பக்கத்துல இருக்கிறது மேடாத் தெரியும்ல? அந்த மேட்டத்தான் இவ அகலம்னு எழுதிட்டா. செவ்வாய்க்கிழமை புதுசா ஒரு வரைபடம் வந்தது. அதப் பாத்துதான் சிரிச்சிருக்கா."

இதற்காகவா என்று எனக்குத் தோன்றியது. ஒரு டப்பாவில் இருந்த கொஞ்சம் வாயுவுக்காகவா. ஆனால் ஸ்ரவந்தி அப்படி நினைக்கவில்லை. திரையை அணைத்துவிட்டு இருட்டான அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் என்பது இவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று அந்தப் பார்வையில் பார்த்தேன். பயம் கூடியது.

திரும்பும்போது மெட்ரோ நிலையம் வரை ஆட்டோ. ஓட்டியவர் தலை முழுக்க மருதாணிச் சிவப்பு. பாதி வழியில் வண்டி இருமி நின்றுவிட்டது. இறங்கி எதையோ தட்டிக்கொண்டே என்னிடம் இந்தி மாதிரியான ஒன்றில் பேசினார். மகன் இருக்கிறானா, மகள் இருக்கிறாளா என்று கேட்கிறார் என்பது கைச்சாடையில் புரிந்தது. மகள் என்றேன். நல்லது, மகள் என்றால் கடைசிவரை தேடி வருவாள் என்றார். அதுவும் புரிந்தது. அவர் இன்னும் பேசட்டும், வண்டி கிளம்பாவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது.

வீட்டில் சாமுவேல் ஹெப்சியின் கதையைக் கேட்டான். "பூமில ஓடுற ரயிலே எங்க நிக்கின்னு நமக்குத் தெரிய மாட்டேங்கு. இவ என்னைக்கோ வெடிச்ச நட்சத்திரம் எதுல போய் முட்டுதுன்னு பாத்திருக்கா. தப்பு வராம என்ன செய்யும், மதினி?" என்றான். அவன் பாணியில் அது ஆறுதல். பிறகு குரலைத் தாழ்த்தி, போலீசில் சொல்லலாமா என்று கேட்டான். கிரேஸ் அவனை முறைத்தாள். நான் திங்கட்கிழமை வரை பார்ப்போம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. புகார் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால், நான் மனதுக்குள் சொல்லிப் பார்க்கவும் துணியாத ஒரு சொல்லை யாரோ எழுதிவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனோம். கோயில் நிறைய நம் மாவட்டத்து முகங்கள். எல்லோரும் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள், ஆனால் பேச்சில் இன்னும் தூத்துக்குடியும் நாசரேத்தும் அப்படியே இருந்தன. பிள்ளைகள் மட்டும் வெளியே நின்று தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரென்று கேட்ட எல்லோருக்கும் கிரேஸ், "அக்கா அவுக பிள்ளயப் பாக்க வந்திருக்காக" என்று சொன்னாள். "பாத்துட்டியளா?" என்று ஒருவர் கேட்டார். "இன்னைக்குப் பாக்கணும்" என்றேன்.

சாமுவேல் ஆராதனை முடியும்முன்பே காணாமல் போயிருந்தான். சாப்பாட்டுக்கும் வரவில்லை. கிரேஸ் ஞாயிறு என்பதால் தாளித்த பகாரா சோறும், பருப்பில் கறி போட்ட தால்ச்சாவும் செய்திருந்தாள். அந்த வாசனை வீட்டில் நிறைந்திருக்க, யாரும் தட்டை எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட பிறகு சைக்கிள் வந்து நின்றது. சாமுவேல் தொப்பலாக நனைந்திருந்தான். நான் எழுந்து நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான்.

"ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தேன். ரயில்வே போலீஸ்ல தெரிஞ்ச ஆள் இருக்காரு. செவ்வாய்க்கெழமைல இருந்து இந்தப் பக்கத்து லைன்ல எதாவது..." நிறுத்திவிட்டான். பிறகு சொன்னான்: "ஒண்ணும் இல்ல, மதினி. ஒண்ணும் இல்ல."

நான் தினமும் ஆறு நாற்பதுக்குச் சொல்லும் அதே சொற்கள். அவன் அதைச் சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷைனி துண்டு எடுத்து வந்து அவள் அப்பாவிடம் கொடுத்தாள். அவன் முகத்தைத் துடைப்பதாக வெகுநேரம் துண்டுக்குள்ளேயே இருந்தான்.

ஸ்ரவந்தி கூப்பிட்டது அதற்குப் பிறகு. குரலில் அவசரம் இருந்தது.

"ஆண்டி, ஒரு யோசனை. மலைப்பக்கம் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கு. பக்கத்து மாநிலத்துல. எங்க சீனியர் ஒருத்தருக்கு இந்த வாரம் அங்க நேரம் ஒதுக்கியிருந்தாங்க. அவர் போகல. யாருக்கோ விட்டுக்கொடுத்துட்டதாச் சொல்றாங்க. அவரப் பிடிக்க முடியல. ஆனா ஹெப்சியா இருக்கலாம்."

"அப்படின்னா போன ஏன் அணைச்சு வெக்கணும்?"

"அங்க எல்லாரும் அணைச்சுத்தான் ஆகணும் ஆண்டி. அங்க வர்ற சைகை அவ்வளவு மெலிசு. ஒரு கைபேசி அடிச்சாலே அத மூழ்கடிச்சிடும். வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க."

"அப்ப ஊருக்குப் போறேன்னு ஏன் பொய் சொன்னா?"

ஸ்ரவந்தி தயங்கினாள். "வேலைக்குன்னு வெளியூர் போனா எங்க சார் கையெழுத்து வேணும். ஊருக்குன்னா வேண்டாம். அதனால நாங்க எல்லாருமே எங்க போனாலும் ஊருக்குன்னுதான் சொல்லுவோம். அந்தக் காவலாளித் தாத்தாவுக்கும் தெரியும். சாருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி அவளே ஒரு தடவை சரிபாக்க நெனச்சிருப்பா."

அங்கே ஒரு தொலைபேசி உண்டு. ஸ்ரவந்தி அடித்துப் பார்த்துவிட்டாள், எடுப்பார் இல்லை. நானும் எண்ணை வாங்கி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இருக்கலாம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? நல்லதை நினைத்தால் அதுவே கெட்ட சகுனம் ஆகிவிடுமோ என்று நல்லதையும் நினைக்காமல் படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை பணிமனைச் சங்கு ஊதியதும் தெரு முழுக்க சைக்கிள்கள். சாமுவேல் போகும்போது, "மத்தியானம் வந்து போலீசுக்குப் போவோம், மதினி" என்றான். தலையாட்டினேன். கிரேஸ் எனக்கு வேலை தர வேண்டும் என்பதற்காகவே ஒரு முறம் அரிசியைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொன்னாள். கடை அரிசியில் கல் ஏது. நான் குனிந்து இல்லாத கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளிக்கதவின் கொக்கி சத்தமிட்டது. சாமுவேல் சீக்கிரம் வந்துவிட்டான் என்று நினைத்தேன். முறத்தை வைத்துவிட்டு, போலீசுக்கு எந்தப் புடவையில் போவது என்று யோசித்தபடி எழுந்தேன்.

ஹெப்சி நின்றுகொண்டிருந்தாள்.

தோள்பை, சேறு படிந்த செருப்பு, எண்ணெய் வழியும் தலை. இளைத்திருந்தாள். கையில் கைபேசி உயிரோடு இருந்தது. தொலைநோக்கி வாசலில் அதைத் திருப்பி வாங்கி, பேருந்து ஏறியதும் போட்டிருக்கிறாள். என் அழைப்புகளும் ஸ்ரவந்தியின் செய்திகளும் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன. கூப்பிடத் துணியாமல், விடுதிக்கும் போகாமல், நேரே இங்கே வந்துவிட்டாள்.

நான் அடிப்பேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். கிரேஸ்தான் முதலில் பேசினாள். "ஏளா, ஒங்கம்மா உசுர எடுத்துட்டு இப்ப எங்க இருந்து வார? உள்ள வா." ஒரு செம்பு தண்ணீரைக் கையில் திணித்தாள். ஹெப்சி முழுவதையும் குடித்தாள். செம்பைக் கீழே வைக்காமலே என்னிடம் சொன்னாள்.

"காலி இல்லம்மா."

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அதைத்தான் சொன்னாள்.

"அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் பாத்தேன். அங்கயும் வாயு இருக்கு. கொஞ்சம்தான். நான் ஒண்ணும் இல்லன்னு எடுத்துக் கழிச்சுட்டேன்."

"அப்ப அந்த அலை மேகத்துல மோதலையா?"

என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "தெரியாது. மோதலாம். மோதாமலும் இருக்கலாம். நான் நிரூபிச்சதா சொன்னது நிரூபிக்கல. அவ்வளவுதான். சார் வந்ததும் சொல்லணும். கட்டுரையத் திரும்ப எடுக்கணும். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், விட்டாங்கன்னா."

அழவில்லை. அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் குரல் ஒரு இடத்தில் இறங்கியது. விடுவார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதும்போதும் அந்த முடிவு வரவில்லை.

கிரேஸ் சோறு போட்டாள். நேற்றைய தால்ச்சாவைச் சுடவைத்திருந்தாள். ஹெப்சி தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் கை வாய்க்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாளாகத் திரட்டி வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போயிற்றோ.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல பிள்ள" என்று மட்டும் கேட்டேன்.

அவள் பதில் சொல்லும்முன் கிரேஸ் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆமா, இவுக மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டாக. பின்சுவர் விழுந்து, ஒங்கப்பா ஸ்கூட்டர் நசுங்கி, அடுத்த வீட்ல போயிக் குளிச்சிக்கிட்டிருக்காக. கேளு ஒங்கம்மாட்ட."

ஹெப்சியின் கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அந்தத் திரையை இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் சிரிக்கவில்லை. நான் முறத்தை இழுத்து மறுபடியும் அரிசியைக் கிளறினேன். வெளியே சாமுவேலின் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு என் மகள் கேட்டாள்: "ஊர்ல என்ன விசேஷம்மா?"

வாயில் பழைய பதில்தான் வந்தது. அது உதட்டைத் தாண்டுவதற்குள் சோறு ஒட்டிய கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லாதீங்க. அங்க என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் சொல்லுங்க."